ஒரே சத்தம் போட்ட பாங்கோஸ்

அப்போது எனக்கு இருபது வயது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கப்பு தட்டிப் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து வரும் கப்பை விரலால் சுண்டுவேன். கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் விரிசல். ஆறு கப்பும் ஒரே குரலில் பேசினால்தான் ஒரு செட் கட்டுவேன். அதில் என்னை ஏமாற்ற ஒருவன் பிறந்துதான் வரவேண்டும்.

ஆயுத பூஜைக்குத் தொழிலாளர்களே பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். எழுபதுகளின் தொடக்கம், ரேடியோவைத் திருப்பினால் பாங்கோஸ் என்கிற அந்த ஜோடிக் கொட்டு துள்ளிக்கொண்டிருந்த காலம். அந்த வருடம், அதை வாசிக்கிறவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நான் வாசிக்கிறேன் என்றேன். குழுவை நடத்திய ஃபிட்டர் சிரித்தார்.

"பொம்பளப் புள்ள ரெண்டு முட்டிக்கும் நடுவுல வெச்சு அடிக்கிறதா? கோரஸ்ல நின்னு பாடும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொந்தமா வாங்கிட்டு வரேங்க. அப்ப பேசிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை தனியாக ரயிலேறித் திருச்சிக்குப் போனேன். கடைக்காரர் நாலு ஜோடி எடுத்து வைத்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது. தட்டிப் பார்க்கத் தெரியுமே! ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுண்டினேன். பெரியதும் சிறியதும் வேறு வேறு சத்தம் போட்ட மூன்று ஜோடிகளையும், "செட்டு சேரல" என்று தள்ளினேன். நாலாவதில் இரண்டும் அச்சு அசலாக ஒரே சத்தம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. போகாத சரக்கு போகிறதென்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

ஒத்திகையில் நாலு தட்டு தட்டினேன். ஃபிட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சின்னது கீச்சுன்னு பேசணும், பெருசு கும்முன்னு பேசணும். ரெண்டும் ஒண்ணா பேசுற செட்ட எங்க புடிச்ச? இது என்னா டீ கப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவமானம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் வெந்த கப்பைத்தான் திருத்த முடியாது. பாங்கோஸுக்கு அடியில் நட்டு இருந்தது. "உங்க ஸ்பேனரக் குடுங்க" என்றேன். சின்னதை முறுக்கினேன், பெரியதைத் தளர்த்தினேன். மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற காது இதைக் கேட்காதா? இரண்டும் தனித்தனியாகப் பேசும்வரை விடவில்லை. சிரிப்பு அடங்கியது. அதற்குப் பிறகு ஒரு மாதம் மதியச் சோற்று நேரமெல்லாம் அடித்து அடித்து விரல் வீங்கிப்போனது. நாலு பாட்டுக்கு ஒழுங்காக வாசிக்க வந்தது.

பூஜையன்று மேடையேறினேன். ஃபிட்டர் ஓடிவந்து என் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டார்.

"இது மேல வெச்சு வாசிம்மா. முன்னால உங்கப்பா உக்காந்திருக்காரு. அவரு மொகத்தப் பாரு."

பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

ஸ்டூலை ஓரமாகத் தள்ளினேன். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து, பாங்கோஸை இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைத்தேன். அப்பா தலை நிமிரட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பாட்டு இன்றுவரை தொடங்கியிருக்காது. நான் தொடங்கினேன்.