முந்தல் பாலத்தடியில் ஒரு பச்சை டப்பா

புதன்கிழமை, போடியில் பல் டாக்டரின் வரவேற்பறையில் அந்த யோசனை வந்தது. புதையல் தேடும் செயலியைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். உலகெங்கும் யாரோ டப்பாக்களை ஒளித்துவைத்து இடத்தைப் பதிந்திருப்பார்கள். தேடி எடுத்து, உள்ளிருக்கும் நோட்டில் பெயர் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். எல்லாம் பெருநகரங்களில்தான் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரை நோக்கி வரைபடத்தை நகர்த்தினால் ஒரு புள்ளி. மலையடிவார ஊரான முந்தலுக்கு மேலே, வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். வைத்துப் பத்து நாளாகியும் யாரும் எடுக்கவில்லை. முதல் பெயர் என்னுடையதாக இருக்க வேண்டும். ஆனால் மதுரையிலிருந்து இருவர், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருவதாக எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை 5.35. நானும் தோழி பர்வீனும் சைக்கிளில் கிளம்பினோம். ஏலக்காய்க் கடைகள் திறக்கவில்லை. வாசனை மட்டும் தெருவில் நின்றது. ஊர் தாண்டியதும் மாந்தோப்புகள், எதிரே பாதி மேகத்துக்குள் மலை. கூலியாட்களை ஏற்றிய ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டின. பர்வீனின் சைக்கிள் அவள் அண்ணனுடையது, சீட்டு உயரம். வழிநெடுக என்னைத் திட்டிக்கொண்டே மிதித்தாள்.

6.20. முந்தலைத் தாண்டி அரை கிலோமீட்டரில், செயலி காட்டிய சிறிய பாலம். அடியில் இறங்கிக் கல்லிடுக்கெல்லாம் கைவிட்டுத் தேடினோம். டப்பா அளவுக்கு ஒரு பொந்து இருந்தது. டப்பா இல்லை. அரைமணி நேரம் போனது.

6.50. சோர்ந்துபோய் முந்தல் டீக்கடைக்குத் திரும்பினோம். டீ பன்னிரண்டு ரூபாய். இரண்டாவது வாய் குடிக்கும்போது பார்த்தேன்: சுவர் ஆணியில் மாட்டியிருந்த பையிலிருந்து பச்சை டப்பா ஒன்று எட்டிப் பார்த்தது, மூடியில் செயலியின் முத்திரையோடு. கை நீட்டினேன். பெஞ்சில் ஜீப்புக்குக் காத்திருந்த ஓர் அக்கா தடுத்தார்.

“அது சோத்து டப்பா. நீ எந்த எஸ்டேட்டு, ஆத்தா?”

பெயர் செல்வி, ஏலத்தோட்ட வேலை. வியாழக்கிழமை மழையில் ஜீப்பு பஞ்சராகி, எல்லாரும் பாலத்தடியில் ஒதுங்கியிருக்கிறார்கள். அப்போது இது கண்ணில் பட்டிருக்கிறது. வேறு ஜீப்பில் போன யாரோ மறந்த டப்பா என்று கொண்டுவந்து மாட்டிவிட்டார். மறந்த டப்பாக்கள் இந்த ஆணிக்குத்தான் வரும். உரியவர் வரும்வரை யாரும் திறப்பதில்லை.

“உன்னுதுன்னா, உள்ள என்னன்னு சொல்லு பாப்போம்.”

“நோட்டு, பென்சிலு.”

“சோத்து டப்பாவுல எவடி பென்சில வப்பா?”

கடைக்காரர் திறந்தார். நோட்டு, பென்சில். பெஞ்சே சிரித்தது. விளையாட்டை விளக்கினேன். நோட்டின் முதல் பக்கம் வெறுமையாக இருந்தது.

“எழுதுடி வெரசா,” என்றாள் பர்வீன்.

பென்சிலை எடுத்தேன். செல்வி அக்கா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொதல்ல எடுத்தவுக பேருதான எழுதணும்னு சொன்ன? எடுத்தது நானு.”

மூன்று நாள் கனவு. பர்வீன் என் காலை மிதித்தாள். பென்சிலை அக்காவிடம் நீட்டினேன். ஜீப்பு வந்து ஹாரன் அடித்தது. அவர் அவசரப்படாமல் எழுதினார்: மு. செல்வி, ஏலத்தோட்டம். கீழே நான். அதற்கும் கீழே பர்வீன்.

ஜீப்பில் ஏறியபின் தலையை நீட்டிச் சொன்னார்: “சும்மா வச்சா இன்னொருத்தி எடுத்து மாட்டிருவா. மேல எழுதி ஒட்டு.”

அதனால் டப்பா இப்போது பழைய பொந்தில்தான் இருக்கிறது. மூடியில் ‘இதில் சோறு இல்லை’ என்று ஒரு காகிதம்.

வீடு வரை இறக்கம், 8.30க்கெல்லாம் இட்லிக்கு உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்குச் செயலியில் மதுரைக்காரர்கள் கேட்டிருந்தார்கள்: ‘யார் அந்த செல்வி? இதுவரை எத்தனை எடுத்திருக்கிறார்?’

அடுத்து, மலை மேலே இருக்கும் போடிமெட்டு. பதினேழு வளைவுகளையும் சைக்கிளில் ஏறி, ஏதோ ஒரு வளைவில் எங்கள் டப்பா ஒன்றை வைக்கப் போகிறோம். எந்த வளைவில் என்று பர்வீனிடம்கூடச் சொல்லவில்லை. செல்வி அக்கா தினமும் அந்த வழியாகத்தான் போகிறார். இந்த முறை அவர் தேடித்தான் எடுக்க வேண்டும்.