மாமியார் அடைத்த ஓட்டை

படகுக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம். புருஷன் முதுகு உடைந்து படுத்ததிலிருந்து ஆறு வருஷமாகக் காற்றுக்குப் பாய் விரித்து, ஆளையும் மூட்டையையும் அக்கரை சேர்ப்பவள் அவள்தான். மாமியார் மட்டும் அந்தப் படகில் கால் வைத்ததில்லை. மருமகள் ஓட்டுகிற படகில் ஏறுவதாவது என்ற வீம்பு.

இன்று வேறு வழியில்லை. கண் டாக்டர் அக்கரை ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருநாள்தான் வருவார். பத்து மணிக்குமேல் சீட்டு கிடைக்காது. மாமியாருக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணிலும் புகை. கைத்தடியை ஊன்றி ஏறி, படகின் நடுவில் உட்கார்ந்தாள்.

கரையோரம் ஆழமில்லை. படகுக்காரி நடுப்பலகையை உருவிப் படுக்கவைத்துவிட்டு, பின்னால் நின்று கழியால் தள்ளினாள். ஆழம் வந்ததும் பாயை விரித்து, படகின் நடு இடுக்கில் பலகையைச் செருகினாள். அது கீழே நீட்டிக்கொண்டு நின்றால்தான் படகு பக்கவாட்டில் நழுவாது. பலகை பாதியில் நின்றது. ஓங்கிக் குத்தியும் அசையவில்லை. காற்று தள்ளத் தள்ள, படகு நண்டுபோல் ஆஸ்பத்திரித் துறையை விட்டு ஒதுங்கியது.

"என்னடி, நம்ம படகு எங்கயோ போகுது?"

"பலகை இறங்கமாட்டேங்குது அத்தை. இடுக்குல என்னமோ அடைச்சிருக்கு."

"அடைச்சது நான்தான். விரலை விட்டேன், தண்ணி! ஓட்டைப் படகுல ஏத்திட்டியேன்னு என் துண்டைத் திணிச்சேன்."

"ஐயோ, அது பலகைக்கு வாசல்! சுத்திப் பெட்டி மாதிரி இருக்கு, தண்ணி உள்ள ஏறாது. ஆறு வருஷமா அதோடதான் ஓட்டுறேன்."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க ஏறினாதானே சொல்றதுக்கு!"

மாமியார் தன் கைத்தடியின் வளைந்த பிடியைப் படகுக்காரி பக்கம் நீட்டினாள். மருமகள் பலகையை உருவிவிட்டு, பிடியை இடுக்கில் விட்டு மாட்டி இழுத்ததும் துண்டு சொட்டச் சொட்ட வந்தது. மாமியார் அதை வாங்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். மறுபடி செருகியதும் பலகை தடக்கென்று இறங்கியது. நழுவல் நின்றது. படகு துறையைப் பார்த்துத் திரும்பியது.

"அத்தை, எனக்கு ஒரு கை சுக்கானுக்கு, ஒரு கை பாய்க்கயிறுக்கு. பலகையை நீங்க பிடிங்க. மணல் தட்டினா தூக்கணும்."

"எனக்குத்தான் கண்ணு தெரியாதேடி."

"கண்ணு எதுக்கு? கைக்கே தெரியும்."

மாமியார் பலகையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கரை நெருங்கியது.

"தட்டுது! தட்டுதுடி!"

எழுந்து நின்றே தூக்கிவிட்டாள். படகு மணலில் வழுக்கி ஏறி நின்றது. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் பத்தாக இன்னும் ஏழு நிமிஷம்.

"திரும்பும்போதும் பலகை எனக்குத்தான்," என்றபடி மாமியார் இறங்கினாள்.

"சரி. முதல்ல அந்தத் துண்டை என்கிட்ட குடுங்க."