கத்துற இடம் மட்டும் போதும்

கத்துகிறவரை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறவரை வெட்டி எறிவதுதான் என் தொழில். ஓ.எல். சோதனை எழுதியதோடு பள்ளிக்கூடம் போதும் என்று விட்டவள் நான். இப்போது கல்முனை பசாரில் ஒரு போன் கடையில் இருக்கிறேன். பாராளுமன்றச் சண்டைகளைச் சின்னச் சின்ன வீடியோவாக நறுக்கிக் கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கிறேன். உங்கள் போனிலும் வந்து விழுந்திருக்கும். ஒன்றைப் பார்த்தே நீங்கள் வெறுத்துப்போயிருப்பீர்கள். நான் முழுநாளும் பார்க்கிறேன்.

மச்சானும் மச்சானும்

கல்முனைக்குடியில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிற இரண்டு மச்சான்மார், ஆளுக்கொரு கட்சி. காலையில் ஒருவர் வந்தார். தன் எம்.பி. மேசையில் அடிக்கிற இடம் வேண்டும், மற்றக் கட்சி எம்.பி. திருப்பிக் கேட்கிற இடம் வேண்டாம். லுஹர் தொழுகைக்குப் பிறகு மற்ற மச்சான் வந்தார். அதே சண்டை, மற்றப் பக்கம். "மச்சான் இஞ்ச வந்தவனா?" என்று வேறு கேட்டார். வந்தவர்தான் என்றேன்; பொய் சொல்ல எனக்கு வராது. அவ்வளவு சத்தத்தைக் கேட்டும் ஒன்று மட்டும் விளங்கவில்லை. எதைப் பற்றி இந்தச் சண்டை என்று அவரிடமே கேட்டேன்.

"அது அங்க கத்துறவங்களுக்கே தெரியா புள்ள, நீ சத்தத்தைக் கூட்டி வை."

எங்கள் கடற்கரை

வாப்பா மீன் பிடித்தவர். கடல் கரையை அரித்து, வள்ளம் இழுத்து வைக்க மணல் இல்லாமல் போனதால் கட்டாருக்கு வேலைக்குப் போனார். கடல் அரிக்காமல் கரைக்குக் கல்லணை போட்டால் அடுத்த பிளேனில் வந்துவிடுவேன் என்பார். வள்ளம் எங்கள் வீட்டு வளவில் கவிழ்ந்து கிடக்கிறது. உம்மா அதன் மேல்தான் உடுப்புக் காயப்போடுகிறா.

போன மாதம் பாராளுமன்றத்தில் எங்கள் கரையின் பேர் அடிபட்டது. கல்லணை எப்போது என்று எங்கள் எம்.பி. கேட்டார். அமைச்சர் எழும்பி, "அந்தக் கல்லணை வேலை..." என்றார். அவ்வளவுதான். 'உங்கட ஆட்சியில என்ன கிழிச்சீங்க' என்று ஒரு பக்கம், 'நீங்க திண்டதைச் சொல்லவா' என்று மறுபக்கம். புத்தகம் பறந்தது. சபையை ஒத்திவைத்துவிட்டார்கள்.

எம்.பி.யின் ஆள், அண்ணன் வயதிருக்கும், கடைக்கு வந்தார். அமைச்சர் எழும்புற இடத்தையும் சேர்ப்போமே காக்கா, ஆக்கள் பதிலைத் தேடுவாங்க என்றேன். சிரித்தார்.

"பதிலெல்லாம் போட்டா ஆரு புள்ள பாக்குற? அவர் கத்துற இடம் மட்டும் போதும்."

கட்டாரிலிருந்து

இரண்டு கட்சிக்கும் வெட்டிக் கொடுத்த துண்டுகளும் வாப்பாவின் போனுக்குப் போய்விட்டன. ஒன்றில் எங்கள் எம்.பி. சிங்கம், மற்றதில் கோமாளி. "நீ வெட்டினதா மகள்? முழுசா அனுப்பு" என்றார். அனுப்பினேன். ஜும்ஆ தொழுகை முடிந்து அறைக்கு வந்து முழுவதையும் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு குரல் பதிவு வந்தது, மெதுவாக, கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"மினிஸ்டர் வாய் திறக்கிற இடத்தோட வீடியோ நிண்டுட்டு மகள், அதுக்குப் பிறகு இரிக்கிறதையும் அனுப்பு, உம்மாட்ட வள்ளத்த நிமித்தச் சொல்லலாமா எண்டு பாக்கத்தான்."

எத்தனையோ துண்டு வெட்டிய இந்தத் தொழிலில், என் கை படாமலே வெட்டுப்பட்டுப் போனது வாப்பா கேட்கிற அந்த ஒன்று மட்டும்தான்.