குத்துச்சண்டை என்ற சொல்லும் ஒரு வெள்ளைத் துண்டும்

1. கோடு போட்ட படிவம்

மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க மறுநாள் காலை பத்து மணி கடைசி. நான் உடற்கல்வி ஆசிரியை. என்னிடம் பயிற்சி பெற்ற நான்கு மாணவிகளில் ரிஸ்வானாவின் பெற்றோர் ஒப்புதல் படிவம் மட்டும் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. 'விளையாட்டின் பெயர்: குத்துச்சண்டை' என்ற வரியில், 'சண்டை'யின் கீழ் அவள் 'அத்தா' என்று அழைக்கும் தந்தை காதர் பாய் பேனாவால் கோடு போட்டிருந்தார். அவளுக்கு அது இரண்டு வருட உழைப்பு.

மாலை ஐந்தே காலுக்குப் பேகம்பூரில் அவர்கள் வீட்டில் இருந்தேன். போகுமுன் நூலகத்தில் அகராதிகளைப் புரட்டி டைரியில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டேன். அதை அவர்களுக்குப் படபடப்போடு வாசித்துக் காட்டினேன். குத்து என்பது மடக்கிய கையால் விடும் அடி. முன்பு முஷ்டி யுத்தம் என்றும் எழுதினார்கள். முஷ்டி என்றால் வடமொழியில் மடக்கிய கை. ஆங்கிலத்தில் 'பாக்ஸ்' என்பதற்கும் அடி என்று ஒரு பழைய பொருள் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியவில்லை.

"எந்த மொழியிலயும் கைதான் இருக்கு பாய். பகை இல்ல."

ரிஸ்வானாவின் அம்மா விடவில்லை. "யுத்தம்னு இப்பத்தானே டீச்சர் படிச்சீங்க?"

டைரியை மூடினேன்.

"இவ தம்பிகூட நித்தம் இதத்தேன் பண்றா. அதுக்கு எந்தப் பாரத்துல கையெழுத்து வாங்குனா?" என்றார் அம்மாவே மறுபடியும்.

காதர் பாய் சிரிக்கவில்லை. அவருக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. நான் கொண்டுபோன பயிற்சிக் கையுறையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"உள்ள பஞ்சு ஒதுங்கிருச்சு டீச்சர். இத மாத்துங்க."

"மாத்திடுறேன் பாய்."

"பேரு கெடக்கட்டும். புள்ளைக்கு முடியலேன்னா யாரு நிப்பாட்டுவா?"

"நடுவர் நிறுத்துவார். அவர் கவனிக்காட்டி நான் வெள்ளைத் துண்டை மேடைக்குள்ள வீசுவேன். அவ தோத்ததா ஆட்டம் முடிஞ்சிரும்."

"அவ வேணாம்னாலும்?"

"வீசுவேன்."

கையெழுத்துப் போட்டார். மணி ஆறு பத்து.

2. இரண்டாம் சுற்று

போட்டி ஒட்டன்சத்திரத்தில். முதல் சுற்றில் ரிஸ்வானாவின் கைதான் ஓங்கியிருந்தது. இரண்டாம் சுற்றில் எதிராளியின் இரண்டு குத்துகள் அடுத்தடுத்து நெற்றியில் விழுந்தன. அவள் தாங்குகிறாளா என்று நடுவர் எட்டு வரை எண்ணிப் பார்த்தார். அவள் தலையாட்டியதும் ஆட்டத்தைத் தொடரவிட்டார்.

துண்டைக் கையில் எடுத்தேன். அவளுடைய இடது முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் உள்பக்கமாக மடங்கியது. கை முகத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. துண்டைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் வேண்டாம் என்று தலையசைத்தாள். இன்னும் நாற்பது நொடி. தாங்கிவிடுவாளோ?

வீசினேன்.

திண்டுக்கல் வரும்வரை பஸ்ஸில் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் நிலையத்தில் காதர் பாய் நின்றிருந்தார்.

"டீச்சர்தேன் தோக்கவச்சாங்கத்தா! செத்த நேரந்தேன் இருந்துச்சு," என்று அவரிடம் முறையிட்டாள் ரிஸ்வானா.

அவர் மகளின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "துண்டு போட்டீங்களா?"

"போட்டேன் பாய்."

"அப்ப அடுத்த வருசத்துப் பாரத்தையும் குடுத்துவிடுங்க."

"மொதல்ல டீச்சர் கையில இருந்து அந்தத் துண்டப் புடுங்குங்கத்தா," என்றாள் ரிஸ்வானா.

அகராதியில் நான் தேடிப்போன பொருளை அந்த வீட்டில் யாருமே கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு படிவத்திலும் குத்துச்சண்டை என்ற சொல்லுக்குக் கீழே, 'ஆட்டத்தை நிறுத்தும் பொறுப்பு: பயிற்சியாளர்' என்று கையால் எழுதி, முதலில் நான் கையெழுத்துப் போடுகிறேன். பிறகுதான் படிவம் வீட்டுக்குப் போகிறது.