தாப்பா தாண்டிட்டேன், அரிசி போடு

செய்தி வந்தபோது நான் ஈப்போவில் என் கடையில் பழைய கணினித் திரைகளுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். ஏதோ ஓர் அலுவலகத்தை மூடியதில் மொத்தமாக வந்த சரக்கு. விற்க வந்தவர் ஒரு விலை சொல்லி, நான் அதில் பாதி சொல்லி, இருவரும் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கைப்பேசி அடித்தது. நண்பர் குணாவின் மனைவி லெட்சுமி. அவர் எனக்கு நேராக அழைத்ததே இல்லை.

"அண்ணே, இவரு எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு. சாப்பிட்டுட்டு சும்மா சாஞ்சாரு. எழுப்பி எழுப்பிப் பாத்துட்டேன்."

குரலில் அழுகை இல்லை. புருஷனைப் பற்றிப் புகார் சொல்வதுபோல்தான் இருந்தது. வந்தவர் கேட்ட விலைக்கே சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சரக்கில் ஏதாவது வில்லங்கமோ என்று அவரே சந்தேகமாகப் பார்த்தார். நான் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் வந்து பார்த்துவிட்டார். மாரடைப்பு. முந்தின நாள்தான் குணா பேங்காக்கில் ஒரு மின்னணுக் கண்காட்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

குணசேகரனை உங்களில் பாதிப்பேருக்குக் கண்காட்சிகளில் பழக்கம். மீதிப்பேருக்கு நெடுஞ்சாலை ஓய்வுக் கூடங்களில், கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதாவது கம்பியை மாற்றிக்கொண்டிருக்கும் மனிதராக. தொழில் மின்தூக்கி பழுதுபார்ப்பது. எனக்கு வாடிக்கையாளர். நான் கடைத்தெரு நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுப் பழைய வயர் விற்ற காலத்திலேயே வந்தவர். முதல் நாள் குனிந்து உட்கார்ந்து, "இதுல எதெல்லாம் ஓடாது?" என்று கேட்டார். எல்லாம் நன்றாக ஓடும் என்று நான் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தேன். "ஓடுற சாமான் எனக்கு எதுக்குண்ணே? அதுகிட்ட கேக்க ஒண்ணும் இல்லையே" என்றார். இப்படி ஒரு கிறுக்கன் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் நான் முன்னமே கடை பிடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானப் பயணப் புள்ளிகள் சேர்ப்பது அவருக்கு ஒரு நோய். வருடக் கடைசியில் அட்டையின் தரம் இறங்கிவிடும் என்று தெரிந்தால் போதும், எங்காவது பறந்துவிட்டு வருவார். ஒருமுறை என்னையும் இழுத்தார். "அண்ணே, சிங்கப்பூர்ல ஒரு டீ குடிச்சிட்டு சாயந்திரம் வீட்டுக்கு வந்துரலாம், வாங்க லா." இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்காகக் காசு செலவழிப்பது என் புத்திக்கு எட்டாத கணக்கு. ஆனாலும் போனேன். ஈப்போவில் விமானம் ஏறியதும் என்னை ஜன்னல் பக்கம் தள்ளி, கீழே காட்டினார். அவர் பிறந்த ரப்பர்த் தோட்டம் இருந்த இடம். ஒரு பகுதி வீடமைப்பாகி, அதிலேயே அவரும் ஒரு வீடு வாங்கியிருந்தார். மீதி செம்பனை எண்ணெய்த் தோட்டம். "அந்த மரத்துக்கு நடுவுல கோடு தெரியுதா? எங்க லயத்து வீடுங்கள்லேர்ந்து ரப்பர்ப் பால் கொட்டகைக்குப் போற பாதை. லயம் இல்ல, கொட்டகை இல்ல, ரப்பரே இல்ல. பாதையில மட்டும் புல்லு முளைக்கல பாருங்க." பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "யாரும் நடக்காம இருந்தா முளைச்சிருக்கணும்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கண்காட்சிகளுக்கு நாங்கள் சேர்ந்து போவோம். நான் மலிவாகச் சரக்குப் பிடிக்க, அவர் கடைக்காரர்களோடு வாதாட. போன வருடம் இருவருமாகப் போன பேங்காக் கண்காட்சியில் ஒரு கூடாரத்தில், நம் குரலைக் கொஞ்சம் கொடுத்தால் பிறகு எதை எழுதினாலும் நம் குரலிலேயே பேசும் இயந்திரம் ஒன்றைக் காட்டினார்கள். நல்ல வியாபாரம் ஆகும் என்று எனக்குப் பட்டது. குணா ஆசையாகத்தான் போனார். ஒலிவாங்கியை வாயருகே கொண்டுவந்ததும் பின்வாங்கிவிட்டார். வெளியே வந்து, "நான் சொல்லாததை என் குரல் சொல்லக் கூடாதுண்ணே" என்றார். புதுச் சாமான் என்றால் உயிரை விடுகிற மனிதர் ஒரு சாமானைத் தொடாமல் வந்தது அந்த ஒருமுறைதான்.

அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் நாங்கள் கே.எல். என்கிற கோலாலம்பூரிலிருந்து திரும்பும்போது சிலிம் ரிவர் பக்கம் மழையில் கார் நின்றுவிட்டது. கைப்பேசியிலும் சார்ஜ் இல்லை. அவர் வராமல் லெட்சுமி சாப்பிட மாட்டார். குணா வீடு வந்து சேர்ந்தபோது சோறு ஆறி, ரசம் ஆறி, அந்த அம்மாள் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாராம். "நீங்க எங்க போறீங்கன்னு எனக்குத் தெரிய வேணாம். வந்துக்கிட்டு இருக்கீங்களான்னு மட்டும் தெரியணும்" என்றாராம்.

அதற்காகத்தான் ஒரு பேசும் டப்பாவைச் செய்தார். பிஸ்கட் டின் அளவு, சமையலறை அலமாரி மேல் இருக்கும். தன் கார், கைப்பேசி, தன்னோடு பயணம் போகிற சாமான் எல்லாவற்றிலும் சின்னக் கருவிகளை வைத்திருந்தார். அசையாதபோது தூங்கும், அசைந்தால் விழிக்கும். அதில் ஏதாவது ஒன்று வீட்டை நோக்கி ஓர் ஊரைத் தாண்டினால் டப்பா பேசும். போகும்போது பேசாது, வரும்போது மட்டும். கே.எல்.லிலிருந்து வரும் வழியில் ஒவ்வோர் ஊருக்கும் தானே உட்கார்ந்து பேசிப் பதிந்திருந்தார். தஞ்சோங் மாலிம் தாண்டிட்டேன் லா. தாப்பா தாண்டிட்டேன், அரிசி போடு. கோப்பெங் வந்தாச்சு, ரசத்தைச் சூடு பண்ணு. சிம்பாங் பூலாய், கேட்டைத் திற. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவிகூட அந்தக் குரல் கேட்டால் துணியை எடுத்து உள்ளே வைப்பாள். குணா வந்தால் கார்ப் புகை வரும் என்று.

அடக்கத்தன்று மகள் பிரேமா என்னைத் தனியே கூப்பிட்டாள். கே.எல்.லில் வேலை பார்க்கிற பெண். "அங்கிள், எட்டாம் நாள் படையல் முடிஞ்சதும் அம்மாவை என்கூடக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். இந்த வீட்டுல தனியா விட முடியாது. அந்த டப்பாவைக் கழட்டிருங்க. அம்மா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க." நான் ஸ்க்ரூ டிரைவரோடு சமையலறைக்குப் போனேன். லெட்சுமி நகரவில்லை. "இருக்கட்டும்ண்ணே" என்றார். அவ்வளவுதான். மகளோடு போவாரா மாட்டாரா என்று யார் கேட்டாலும், "எட்டு முடியட்டும்" என்பார்.

எட்டாம் நாள் துக்கம். மட்டன் பிரட்டல், அவித்த முட்டை, கருவாடு, குணா குடிக்கிற பாலில்லாத கட்டங்காப்பி எல்லாவற்றையும் முன்னறையில் அவர் படத்துக்கு முன் படைத்தோம். பண்டாரம் தீபம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது, சத்தம் போடக் கூடாது. கார் நிறுத்துமிடத்திலும் சமையலறையிலுமாக உட்கார்ந்திருந்தோம். சாயங்கால மழை வரப்போகிற புழுக்கம்.

"தஞ்சோங் மாலிம் தாண்டிட்டேன் லா."

குணாவின் குரல். அவசரமில்லாமல், பயணத்தில் வருகிறபோது இருக்கும் அதே உற்சாகத்தோடு.

பிரேமா என் கையைப் பிடித்தாள். லெட்சுமியின் தம்பி முருகையாதான் முதலில் வாய் திறந்தார். "மச்சான் டோலுக்கு யாரு காசு கட்டுறா?" ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். முருகையாவின் முகத்திலும் சிரிப்பு இல்லை.

நான் எதையும் தொட்டுப் பார்த்து நம்புகிறவன். கார் கண் முன்னால் நின்றது. பானெட்டில் கை வைத்தேன். சூடில்லை. கைப்பேசி எங்கே என்று கேட்டேன். பிரேமா அலமாரியைத் திறந்து காட்டினாள். அணைந்து கிடந்தது. கருவி கெட்டுப்போய் உளறுகிறது என்று சொன்னேன். சொல்லி முடித்தேன், "சுங்கை வந்துட்டேன்" என்றது டப்பா. உளறுகிற கருவி ஊர்களை வரிசையாகவா சொல்லும்?

"அங்கிள், பிளக்கைப் பிடுங்குங்க. பிளீஸ்."

லெட்சுமி எழுந்து டப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டார். "யாரும் தொடாதீங்க. வழியில வந்துக்கிட்டு இருக்கிற மனுஷன் பேச்சை எப்படிடி நிறுத்துறது?"

"அம்மா, அப்பா உள்ள... படையல்... அப்பா செத்துட்டாரும்மா."

"எனக்குத் தெரியாதா? நான்தானே எழுப்பிப் பாத்தேன்."

பண்டாரம் கதவைத் திறக்கப் பயந்தார். திறக்காமல் இருக்கவும் பயந்தார். உள்ளே படையல் ஆறிக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. யாரும் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. யாரும் சாலைப் பக்கம் திரும்பி உட்காரவும் இல்லை.

"தாப்பா தாண்டிட்டேன், அரிசி போடு."

லெட்சுமி அரிசியை அளந்து கழுவிக் குக்கரில் போட்டார். அத்தனை சோறு செய்து வைத்திருந்த வீட்டில், ஒருவருக்கு மட்டும் ஒரு சின்ன அளவு. தண்ணீர் ஊற்றி விரல் வைத்துப் பார்த்தார். கோப்பெங் வந்தது, ரசத்தைச் சூடு பண்ணினார். சிம்பாங் பூலாய் வந்தது, குடை பிடித்துக்கொண்டு போய் கேட்டைத் திறந்து வைத்தார். பிரேமா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. மழைக்கோட்டுப் போட்ட மலாய்க்காரர் ஒருவர் இறங்கினார். கையில் கறுப்புப் பயணப் பெட்டி. குணசேகரன் இருக்கிறாரா என்று மலாயில் கேட்டார். நாங்கள் இத்தனை ஆண்கள் நின்றோம், ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினோம்.

"இருக்காரு" என்று லெட்சுமி மலாயிலேயே சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பேங்காக்கிலிருந்து திரும்பியபோது குணாவின் பெட்டி விமானத்தில் ஏறாமல் தவறிவிட்டது. சாவு வீட்டில் அது யாருக்கும் நினைவில்லை. கே.எல். விமான நிலையத்தில் ஏதோ ஒரு கிடங்கில் அசையாமல் கிடந்திருக்கிறது. இன்று வேனில் ஏற்றியதும் உள்ளே இருந்த கருவி விழித்திருக்கிறது. நான் இதை உரக்க விளக்கிச் சொன்னேன். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். முருகையா, "செத்தும் ஆளைச் சாகடிக்கிறாரு மச்சான்" என்றார். விளக்கம் சரியானதுதான். இன்றும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. ஆனால் ஏழு நாள் கிடங்கில் கிடந்துவிட்டு, எட்டாம் நாள், கதவு சாத்திய நேரத்தில் ஏன் வந்தது என்று பிரேமா கேட்டாள்.

லெட்சுமி எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. முந்தானையால் பெட்டியின் ஈரத்தைத் துடைத்தார். முன்னறைக் கதவைத் தானே திறந்து, பெட்டியைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆறிப்போன இலையை ஒதுக்கிவிட்டுப் புது இலையில் சுடுசோறும் ரசமும் வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"இப்பப் பிடுங்குங்கண்ணே" என்றார். "வந்து சேந்துட்டாரு."

பிடுங்கினேன். டப்பாவை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார், இனி அது எதற்கு என்று. பிரேமா மெல்லக் கேட்டாள்: "அம்மா, நாளைக்கு நம்ம கிளம்புறோம்ல?"

"நீ போய்ட்டு வா, கண்ணு. இவரு இப்பத்தானே வந்திருக்காரு."

மறுநாள் பிரேமா மட்டும் கே.எல். போனாள்.

ஒரு மாதம் கழித்து எட்டிப் பார்க்கப் போனேன். குணா ஊரில் இல்லாத நாளெல்லாம் அந்த வீட்டு வாசல் விளக்கு பகலிலும் எரியும், அவர் வந்த பிறகுதான் லெட்சுமி அணைப்பார். நான் போனபோது இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு எரியவில்லை. பல்பு போய்விட்டதா, கடையிலிருந்து ஒன்று கொண்டுவரவா என்றேன். "பல்பு நல்லாத்தாண்ணே இருக்கு. ஆள் உள்ள இருக்கும்போது எதுக்கு லைட்டு?" என்றார். டீ கொடுத்தார். முகம் தெளிந்திருந்தது. கொஞ்சம் சதையும் போட்டிருந்தார். வற்புறுத்தி அழைத்துப் போக வேண்டிய பெண்பிள்ளையாக எனக்குத் தெரியவில்லை. பிரேமாவிடம் அப்படியேதான் சொன்னேன்.

குணாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த டப்பா. கடைசியாகப் பேங்காக் போவதற்கு முன்னால், அடுத்து நாங்கள் இருவரும் காரில் தாய்லாந்தின் ஹாட்யாய் போய் வரும் பயணத்துக்காக, வடக்கே எல்லைவரை உள்ள ஊர்களை என் கடையில் உட்கார்ந்துதான் பேசிப் பதிந்தார். பக்கத்தில் நின்று கேட்டேன். "நானும் அண்ணனும் சங்லூன் தாண்டிட்டோம் லா, லெட்சுமி. ரெண்டு பேருக்கும் சேத்துச் சோறு வை."

கடைக்கு வரும் எந்தச் சாமானையும் மின்சாரம் கொடுத்துப் பார்க்காமல் நான் அலமாரியில் வைத்ததில்லை. இதை மட்டும் பிளக்கில் செருகாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.