குழியோரம் நின்ற மஞ்சள் சட்டை

கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த புதிதில் எங்கள் இருவருக்கும் பேச விஷயமே கிடைக்கவில்லை. சாப்பிட்டாயா என்பார். சாப்பிட்டேன் என்பேன். அதோடு சரி. அதனால் ஒரு சாயங்காலம் அவர் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, "விளையாடலாமா?" என்று கேட்டபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது.

சின்ன வயதில் டிவியில் மாட்டி ஆடிய பழைய விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கிற எமுலேட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கீபோர்டு. இடப்பக்க எழுத்துகள் அவருக்கு, வலப்பக்கம் எனக்கு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினைகூட அவ்வளவு நிதானமாக நடக்காது. ஓடுவதற்கு எந்த கீ, குதிப்பதற்கு எந்த கீ என்று திரை கேட்கக் கேட்க, என் விரலைப் பார்த்து, "இங்க எட்டுதா? இங்க?" என்று கேட்டுக் கேட்டு வைத்தார். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோயில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மலையிலிருந்து இறங்கிவந்த காற்றில் விபூதி வாசம் அடித்ததாக இன்றும் எனக்கு நினைப்பு. அடித்திருக்காது. அந்த அறை மெல்ல மிதந்துகொண்டிருந்தது என்றுகூடச் சொல்வேன்.

ஆட்டத்தில் நீலச் சட்டை அவர், மஞ்சள் சட்டை நான். இரண்டு பேரும் சேர்ந்து குழிகளைத் தாண்டி ஓட வேண்டும். ஒருவர் நின்றுவிட்டால் திரை நகராது. அவர் மெதுவாக வரும்போது நன்றாகத்தான் குதித்தேன். அவர் இரண்டு கீயையும் சேர்த்துப் பிடித்து வேகமெடுத்தால் மட்டும் மஞ்சள் சட்டை குழியோரம் போய் நின்றுவிடும்.

"இன்னா, குதிக்கலியா?"

"அமுக்கிகினுதாங்க இருக்கேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார். முதல் நாள் நானும் சிரித்தேன். தினமும் இதே கதையானதும் அவர் சிரிப்பு குறைந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. என் தாய்வீடு அரக்கோணம். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். மாதம் முடியும்வரை மாப்பிள்ளை முகத்தில் விழிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம். ஒரு நாள் மஞ்சள் சட்டை வழக்கம்போல நிற்க, அவர் கையை எடுத்துவிட்டார்.

"இங்க இருக்க உனக்குப் புடிக்கல. அரக்கோணம் எப்ப போவலாம்னு இருக்க. அதான் ஆட்டத்துலயும் மனசு இல்ல."

"ஆங், அப்படியே வச்சிக்கங்க" என்றேன். ரோஷத்தில் சொன்னது. சொன்ன பிறகுதான் யோசித்தேன். அவரை இந்த நினைப்போடு விட்டுப் போனால் ஆடி முடிந்து அழைக்க வருவாரா? அப்படியே வந்தாலும், வழக்கத்துக்காக வருவாரா, எனக்காக வருவாரா?

அப்பா வரவேண்டிய நாள். என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், கை பழகட்டும் என்று தனியாக உட்கார்ந்தேன். திரை நகர வேண்டுமே என்று இடது கையால் அவருடைய கீகளையும் நானே பிடித்தேன். மஞ்சள் சட்டை நின்றது. கையை எடுத்தேன், குதித்தது. திரும்பப் பிடித்தேன், நின்றது. நோட்பேடைத் திறந்து அவருடைய இரண்டு எழுத்தையும் அழுத்திக்கொண்டே என்னுடையதைத் தட்டினேன். அவர் எழுத்து மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தது. என் எழுத்து வரவே இல்லை. மூன்று கீயைச் சேர்த்து அழுத்தினால் அந்தக் கீபோர்டு ஒன்றை விழுங்கிவிடுகிறது.

கூடம் நிஜமாகவே கோணல்!

அவர் வந்ததும் உட்கார வைத்துக் காட்டினேன். அவர் பிடித்துக்கொள்ள, நான் தட்டினேன். அவரே கையை எடுத்து எடுத்து மறுபடி பிடித்துப் பார்த்தார்.

"அப்ப நீ வேணும்னு நிக்கலியா?"

"வேணும்னு யாராவது குழியோரம் நிப்பாங்களா?"

எந்தெந்த கீ ஒன்றையொன்று தடுக்காது என்று தேடி, எல்லாவற்றையும் மாற்றி வைக்க வேண்டும். அதற்குள் பூவும் பழமும் புதுப்புடவையுமாக அப்பா வாசலில் நின்றார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மலை கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே போனேன். அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்காமலேயே வந்துவிட்டேன்.

ஆடி பாதிகூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் அம்மா வாசலில் யாரிடமோ பேசத் திணறுவது கேட்டது. எட்டிப்பார்த்தேன். வேர்த்து விறுவிறுத்து அவர் நின்றிருந்தார். கையில் ஒரு கட்டைப்பை. பைக்கு வெளியே கீபோர்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆடியில வரக்கூடாதுதாங்க அத்தை, தெரியும். கீ மாத்தி வைக்கணும். ரெண்டு பேரும் சேந்து அமுக்கிப் பாத்தாதான் தெரியும். செட் பண்ணிட்டு உடனே போயிடறேங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"அதை எதுல மாட்டுவீங்க? எங்க வீட்லதான் கம்ப்யூட்டரே இல்லியே."

"தெரியுங்க அத்தை" என்றார்.