மீன் வண்டியில் மாட்டிய ஃபேன்

ஒன்பது வயதில் என் கை கொழுகொழுவென்று இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கிள்ளிப் பார்த்துக் கொஞ்சிவிட்டுப் போவார்கள். அந்தக் கையை அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். "உன் கை உள்ள போவாது பாப்பா. அவ உட்டுப் பாக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது எனக்கு இன்றைக்கும் சுருக்கென்கிறது.

அவள் என் அத்தை மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஒடிசலாக இருப்பாள். விழுப்புரத்தில் மாமாவோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டு, பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லி, அத்தை அவளையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பத்து நாள் எட்டு மாதமாகிவிட்டது. என் பள்ளிக்கூடத்திலேயே அவளையும் சேர்த்துவிட்டார்கள். என் பாயில் பாதி போனது, சைக்கிளில் பாதி போனது, சீப்பில் எப்போது பார்த்தாலும் அவள் முடி. அம்மா என் கட்சி என்பதால் அதையெல்லாம் எப்படியோ சகித்துக்கொண்டேன். அப்பாவிலும் பாதி போகும் என்று எதிர்பார்க்கவில்லை.

அப்பா சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருந்தார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் பெட்டிகளை ஏற்றி மார்க்கெட்டுகளில் இறக்குவது தொழில். பங்குனி பிறந்தால் கேபினுக்குள் ஆளே வெந்துபோவார். அதனால் டாஷ்போர்டின் மேல் மாட்டுகிற சின்ன ஃபேன் ஒன்றை வாங்கி வந்தார். பேட்டரி இருப்பது பானெட்டுக்குள், ஃபேன் மாட்டுவது கேபினுக்குள், இரண்டுக்கும் நடுவில் இரும்புத் தகடு. வயர் அதைத் தாண்டி வர வேண்டும். சாரத்தில் கடை வைத்திருந்த எலக்ட்ரீஷியன், தகட்டில் ஓர் ஓட்டை போட்டால் பத்து நிமிஷ வேலை என்றார். அப்பா கேட்கவில்லை. மீன் வண்டியில் உப்புத் தண்ணீர் எந்நேரமும் ஒழுகும். புது ஓட்டை போட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்து அந்த இடமே உதிர்ந்துவிடும் என்று அவருக்குப் பயம். கம்பெனி போட்ட ஓட்டை ஒன்று கிளட்ச் பெடலுக்கு மேலே, ரப்பர் வளையத்தோடு உள்ளடங்கி இருந்தது. வண்டியின் வயர்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் வந்தன. அந்த இடுக்கிலேயே இதையும் நுழைத்துவிடுவதென்று முடிவு செய்தார். ஆனால் கேபின் பக்கம் அந்த மூலைக்கு அவர் கை எட்டவில்லை. என் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அவள் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் போனது.

அப்பா பானெட் பக்கம் நின்று சைக்கிள் பிரேக் கம்பியை ரப்பருக்குள் நுழைப்பார். அவள் உள்ளிருந்து அதன் முனையைப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் மறுமுனையில் வயரைக் கட்டி இழுத்துவிடலாம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாததால் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

"வந்துச்சா?"

"இல்ல மாமா, எதுலயோ முட்டுது."

"இப்ப?"

"வருது, வருது. இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."

"புடிச்சுக்க பாப்பா, உட்ராத."

பாப்பா என்பது நான். அந்த வீட்டில் வேறு பாப்பா கிடையாது. அப்பா எங்களோடு ஒரு நாளில் பேசுகிற பேச்சை ஒரு கையால் எண்ணிவிடலாம். அன்றைக்கு அந்தத் தகட்டின் வழியாக ஒரு மணி நேரம் அவளோடு பேசினார். நடுவில் ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தார். எனக்குக் கொடுத்த வேலை அம்மாவின் செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டுவது. நான் அதை அவள் கண்ணில் அடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே வேலை செய்தாள்.

கம்பி உள்ளே வந்ததும் இருவரும் சாப்பிடப் போனார்கள். நான் பின்தங்கி, பானெட் பக்கம் போய், கம்பியை ஒரே இழுப்பில் வெளியே உருவிப் போட்டேன்.

திரும்பி வந்த அப்பா, "யாரு இத இழுத்தது?" என்றார். என் விரலெல்லாம் கம்பியிலிருந்த கிரீஸ் கறுப்பு. பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். அவள் என் பாவாடையைப் பார்த்தாள். "நான்தான் மாமா. எறங்கும்போது கால் மாட்டிக்கிச்சி" என்றாள்.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். "சரி வுடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அப்பா பானெட்டை மூடினார். நான் செய்த தப்பிலும் அவள்தான் நல்ல பெயர் வாங்கினாள்.

மறுநாள் காலை அம்மா எங்கள் இருவருக்கும் தலை பின்னிக்கொண்டிருந்தார். அத்தை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அம்மா குரலைத் தணித்து அப்பாவிடம், "மீன்பிடித் தடை வந்துட்டா ரெண்டு மாசம் வண்டி நிக்கும். உங்க தங்கச்சிகிட்ட எப்பதான் பேசப் போறீங்க?" என்றார். அப்பா டீயைக் குடித்து முடித்து, "ஃபேன் வேலை முடியட்டும். நானே விழுப்புரம் கொண்டுபோய் உட்டுட்டு வரேன்" என்றார். பாதி பின்னிய தலையோடு அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை சுலபமா என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வயர் உள்ளே வர வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. அடுத்த ஞாயிறு டார்ச்சை ஆடாமல் அசையாமல் பிடித்தேன். வயர் வந்தது. ஃபியூஸ் வாங்கிய பிறகு இணைக்கலாம் என்று அப்பா அதைச் சுருட்டி வைத்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வயர் ரப்பரை விட்டு உருவிக்கொண்டு பெடலுக்குக் கீழே கிடந்தது. மறுபடி நுழைத்தார்கள். அதற்கடுத்த வாரமும் அதே கதி. கிளட்ச் மிதிக்கும்போது தன் கால்தான் மாட்டி இழுக்கிறது என்று அப்பா தன்னையே நொந்துகொண்டார். சாமி என்னைத் தண்டிக்கிறது என்று எனக்கு உதறல். முத்தியால்பேட்டை வரைக்கும் போய் ஒரு கோயிலில் தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்தேன்.

நான்காம் ஞாயிறு அப்பா வயரை டேப் சுற்றி இறுக்கிக் கட்டி, அப்போதே இணைத்தும்விட்டார். "நீ போடு பாப்பா" என்று ஸ்விட்சை அவளிடம் காட்டினார். "அவளே போடட்டும் மாமா" என்றாள். நான் பாய்ந்து போய்ப் போட்டேன். ஃபேன் கர்ரென்று சுற்றியது.

அந்த வாரக் கடைசியில் இரண்டு பைகளும் வண்டியில் ஏறின. ஓரத்தில் அத்தை, நடுவில் அவள். ஃபேன் நேராக அவள் முகத்துக்கு வீசியது, முன்னால் தொங்கிய முடியெல்லாம் பறந்தது. முதல் சவாரி! நான் எத்தனை நாள் காத்திருந்த சவாரி! இடமில்லை என்று என்னை இறக்கிவிட்டார்கள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். அதை எல்லோரும் பாசம் என்று நினைத்தார்கள். அம்மாகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் இறங்கி வந்து என் காதோடு சொன்னாள்: "நீ ஒரு தடவைதான் இழுத்த. மத்த ரெண்டு தடவையும் நான். மாமாகிட்ட சொல்லிடாத."

என் அழுகை சட்டென்று நின்றது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அத்தனை தோப்புக்கரணமும் வீண்.

சாயங்காலம் அப்பா வந்து கால் கழுவும்போதே, என் ஒரு தடவையை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தை ஒப்பித்தேன். அவளை ஒரு வார்த்தையாவது திட்டுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா இன்னொரு காலைக் கழுவாமலே குவளையைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டார்.

தடைக்காலம் முடிந்து ஆனியில் வண்டி மறுபடி ஓடத் தொடங்கியது. லீவு நாட்களில் நான் அப்பாவோடு நடுச் சீட்டில் உட்கார்ந்து போனேன். வெயில் அப்படியேதான் இருந்தது. அப்பாவுக்குக் கழுத்து வழியாக வியர்வை ஊற்றும், துண்டால் துடைத்துக்கொள்வார், ஸ்விட்சைத் தொடமாட்டார். வயர் மறுபடி கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை அதை யார் இழுத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.